மணல்மேல் அணை கண்ட மேதை

நெய்வேலி நிலக்கரி நகருக்குத் தெற்கே வீராணம் ஏரி கடல்போல் பரந்து கிடக்கின்றது. சோழர் காலத்தில் அகழப்பெற்ற அவ்வேரிக்கு வடவாறு நீர் கொணர்கின்றது. வடவாற்றுக்கு நீர் தருவது கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் நிற்கும் கீழணையாகும். அதன்மேல் சாலையும் செல்வதால், அணையாகவும் பாலமாகவும் அது இருவகையிற் பயன்படுகின்றது. 1836ஆம் ஆண்டில் அவ்விடத்தில் அணை அமையக் காரணராயிருந்தவர் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் ஆவார்.

காட்டன் 1803ஆம் ஆண்டு மே திங்கள் 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். மக்கள் பலரைப் பெற்ற குடும்பத்தில் அவர் பத்தாம் மைந்தர். இளமையிலேயே படைப் பொறியியல் பயின்று, 1821இல் தம் பதினெட்டாம் வயதில் சென்னைக்கு வந்தார். தொடக்கத்தில் பாம்பன் கால்வாயை அளந்து ஆராயும் பணி அவருக்குக் கிடைத்தது. பின்னர்ப் பர்மியப் போரிலும் பங்குகொண்டார். எனினும், அவர்தம் உள்ளம் போரில் நாட்டங்கொள்ளவில்லை, ஆறுகளிலேயே ஈடுபட்டது.

அந்நாளில் தஞ்சை வளநாடு பெருந்துன்பத்தில் ஆழ்ந்திருந்தது. காவிரியாறு முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிகின்றது. இவற்றுள் கொள்ளிடம் தாழ்ந்து செல்வது. ஆகவே வெள்ளத்தைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. காவிரியின் படுகையோ ஆண்டுதோறும் மணல் படிந்து மேடிட்டது. கால்வாய்களில் நீர் குறைந்தது, வயல்கள் தரிசாயின, உழவர் ஊரை விட்டு வெளியேறும் நிலையும் நேர்ந்தது. மணலை அள்ளுவதற்கு ஆண்டுதோறும் பெரும்பொருள் செலவாயிற்று. அடுத்த வெள்ளம் அம்மணலை மீண்டும் கொணர்ந்து சேர்த்தது.

இந்நோய்க்கு மருந்து தேடிய காட்டன் முதலில் கல்லணையை ஆராய்ந்தார். கரிகாலன் கட்டியதாகக் கூறப்பெறும் அவ்வணை பல நூற்றாண்டுகள் வெள்ளத்தை எதிர்த்து நின்றது. ஆற்று மணலின் ஆழத்திலோ பாறை இல்லை. பாறையில்லா இடத்தில் அணை எங்ஙனம் நின்றது? பண்டைத் தமிழர் பெருங்கற்களை ஆற்றில் இட்டனர். நீர் அடியிலுள்ள மணலை அரிக்க, கற்கள் தாமே கீழிறங்கி ஊன்றின. அவற்றின்மேல் மேலும் கற்களை அடுக்கிக் களிமண்ணால் பிணித்தனர். இவ்வுண்மையைக் கண்ட காட்டன் வியந்தார். ஆளும் இனத்தைச் சேர்ந்தவராயிருந்தும், தமக்கு ஆசிரியர் அப்பெயரறியா மக்களே என்பதை ஒளியாது எழுதினார். கற்றாரிடத்துக் காணவேண்டிய பண்பு இதுவன்றோ!

பழையதனை இடித்துப் புதியது கட்டுதல் அவர் கருத்தன்று. 1830ஆம் ஆண்டளவில் கல்லணையில் மணற்போக்கிகள் அமைக்கப்பெற்றன. 1839இல் அதன்மேல் பாலமும் எழுந்தது. 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும், அணைக்கரையில் கீழணையும் உருப்பெற்றன. மேலணை நீரைக் காவிரிக்குத் திருப்பியது. கீழணையோ கொள்ளிடத்தில் வீணே கடலுக்கு ஓடிய நீரைத் தென்னார்க்காட்டு வயல்களுக்கும் தஞ்சை வயல்களுக்கும் பகிர்ந்தளித்தது.

ஆயினும், ஒரு குறை நேர்ந்தது. முன்பு மேடிட்டிருந்த காவிரி இப்போது மிகுநீர் பெற்று ஆழப்படத் தொடங்கியது. வெள்ளம் அளவிறந்து பாயும் என்னும் அச்சம் எழுந்தது. ஆகவே 1845இல் காவிரியின் தலைப்பிலும் ஓர் அணை கட்ட நேர்ந்தது. ஆற்றினை ஓரிடத்தில் தடுத்தால் மற்றோரிடத்தில் அதன் விளைவு தோன்றும் என்பதனை இது நன்கு விளக்குகின்றது.

காட்டன் இருப்புப்பாதையிலும் அக்கறையற்றவர் அல்லர். சென்னைச் சாலைகளுக்குக் கல் கொணரும்பொருட்டு 1837இல் செங்குன்றத்தில் அமைந்த இருப்புப்பாதைக்கு ஊக்கமளித்தவர் அவரே. எனினும், வறிய உழவனுக்கு முதலில் வேண்டுவது நீரே என்று அவர் உறுதியாக நம்பினார். பிற்காலத்தில் இருப்புப்பாதைகளுக்குப் பெரும்பொருள் செலவிட்ட அரசினரோடு அவர் இது குறித்து வாதிட்டார்; 1878இல் இங்கிலாந்துப் பாராளுமன்றக் குழுவின் முன்னும் தம் கருத்தை வலியுறுத்தினார். அவர் கருத்து முழுவதும் ஏற்கப்படவில்லை.

கோதாவரிக் கரையிலும் அவர்தம் தொண்டு சிறந்தது. 1833இல் அங்குக் கொடும்பஞ்சம் நேர்ந்து மக்கள் பல்லாயிரவர் மாண்டனர். பேராறு அருகே ஓடியும் மக்கள் பட்டினியால் மடிந்தனரே என்னும் எண்ணம் காட்டனை வருத்தியது. அரசினர் தயங்கினர், அவர் கேட்டதினும் குறைந்த துணையே அளித்தனர். அவர் உடலும் வெப்பத்தால் நலிந்தது. இருப்பினும் 1847இல் தவளேசுவரத்தில் பணி தொடங்கிற்று. அருகிருந்த குன்றே கல் தந்தது. வீணம் வீரண்ணா என்னும் இந்தியப் பொறியாளர் தொழிலாளரைத் திரட்டித் துணைநின்றார். கல்லணை கற்பித்த பாடம் அங்குப் பயன்பட்டது. 1852இல் அணை முடிந்தது. பஞ்ச நாடு நெற்களஞ்சியமாயிற்று. கோதாவரி மாவட்டத்து ஊர்களில் அவர் சிலைகள் இன்றும் நிற்கின்றன.

1861இல் சர் பட்டம் பெற்ற காட்டன், 1899ஆம் ஆண்டு சூலை 24ஆம் நாள், தொண்ணூற்றாறாம் வயதில் இங்கிலாந்தில் மறைந்தார்.

கட்டியவர் மறைந்தாலும் காக்கும் கடமை மறைவதில்லை. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் முக்கொம்பில், காட்டன் தேர்ந்த இடத்தில் நின்ற பழைய கொள்ளிட அணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் இடிந்தன. அரசு பழுதினை உடனே தற்காலிகமாக அடைத்து, சற்றுக் கீழே புதிய கதவணை எழுப்பியது. தவளேசுவரத்திற்கு வடக்கே 1974இல் கோதாவரிமீது அமைந்த பாலத்தில் மேலே சாலையும் கீழே இருப்புப்பாதையும் செல்கின்றன. 2023இல் அதன் சாலையை மூடிப் பழுது பார்த்தனர். கல்லாயினும் இரும்பாயினும் காலம் அதனைத் தேய்க்கும். முன்னோர் ஆக்கியதை ஆராய்ந்து, போற்றி, பழுது நீக்கி, பின்னோர்க்கு அளித்தலே நாகரிக மக்களின் கடன். காட்டன் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.