இரண்டே விரல்! கித்தார் மேதை ஜாங்கோவின் கதை

1928-ம் ஆண்டு நவம்பர் மாதம் 2-ந் தேதி. நள்ளிரவு நேரம்.

பாரிஸ் நகரத்தின் ஓரத்தில் நாடோடிகள் தங்கும் திடல் ஒன்று இருந்தது. அங்கே கூண்டு வண்டிகள் பல நின்றன. அவற்றில் ஒன்றில் 18 வயது வாலிபன் ஒருவன் தன் இளம் மனைவியோடு வாழ்ந்து வந்தான்.

கச்சேரி முடிந்து அவன் அப்போதுதான் திரும்பி இருந்தான். வண்டி நிறையப் பூக்கள் குவிந்து கிடந்தன. அவை செடியில் பூத்த பூக்கள் அல்ல. செல்லுலாய்டினால் செய்த பூக்கள். விற்பதற்காக அவன் மனைவி செய்து வைத்தவை.

செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும் பொருள். அந்தக் காலத்தில் சினிமா படச் சுருள்களும் அதனால்தான் செய்யப்பட்டன. மெழுகுவர்த்தியின் சுடர் பூவில் பட்டது. அவ்வளவுதான்! கண் மூடித் திறப்பதற்குள் வண்டி முழுவதும் தீ பரவிவிட்டது.

இருவரும் உயிர் தப்பினார்கள். ஆனால் வாலிபனின் உடம்பில் பலத்த தீக்காயம். ஒரு காலும் இடது கையும் வெந்து போயின.

அந்த வாலிபன்தான் ஜாங்கோ ரைன்ஹார்ட். கித்தார் வாத்தியத்தில் உலகப் புகழ் பெற்ற ஜாஸ் இசை மேதை.

வண்டியில் பிறந்தவர்

ஜாங்கோ 1910-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி பெல்ஜியம் நாட்டில் லிபெர்ஷி என்ற கிராமத்தில் பிறந்தார். அவர் பிறந்ததும் ஒரு கூண்டு வண்டியில்தான். இயற்பெயர் ழான். ஜாங்கோ என்பது செல்லப் பெயர்.

அவர் ரோமா இனத்தைச் சேர்ந்தவர். மற்றவர்கள் ஜிப்சிகள் என்று அழைப்பது இந்த மக்களைத்தான். இவர்களுடைய முன்னோர்கள் சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பு வட இந்தியாவில் இருந்து புறப்பட்டுப் போனவர்கள். இவர்களுடைய மொழிக்கும், இந்தி, பஞ்சாபி மொழிகளுக்கும் இன்றும் உறவு உண்டு.

ஜாங்கோவின் தாயார் நடனம் ஆடுபவர். தந்தை வாத்தியம் வாசிப்பவர். சிறுவன் ஜாங்கோவுக்குப் பள்ளிப் படிப்பு இல்லை. 12 வயதில் கித்தார் போன்ற பாஞ்சோ வாத்தியம் ஒன்று கிடைத்தது. மற்றவர்கள் வாசிக்கும்போது அவர்களுடைய விரல்களை உற்றுப் பார்ப்பான். காதால் கேட்பான். அப்படியே வாசிப்பான். சில ஆண்டுகளில் பாரிஸ் நடன அரங்குகளில் வாசித்துச் சம்பாதிக்கத் தொடங்கினான்.

1928-ல் அவர் வாசித்த முதல் இசைத்தட்டுகள் வெளிவந்தன. அவற்றில் அவருடைய பெயரைத் தப்பாக அச்சிட்டு விட்டார்கள். அதைப் படித்துப் பார்த்துத் திருத்தச் சொல்ல ஜாங்கோவுக்கு எழுத்துத் தெரியாது.

ஆனாலும் அவருடைய திறமை இங்கிலாந்து வரை எட்டியது. ஜாக் ஹில்டன் என்பவர் அந்த நாட்டின் பிரபல வாத்தியக் கோஷ்டித் தலைவர். அவரே தேடி வந்து ஜாங்கோவுக்கு வேலை தருவதாகச் சொன்னார். நல்ல காலம் பிறந்தது என்று நினைத்த வேளையில்தான் அந்தத் தீ விபத்து நேர்ந்தது.

மடங்கிய விரல்கள்

காலை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் கருதினார்கள். ஜாங்கோ சம்மதிக்கவில்லை. சுமார் ஒன்றரை ஆண்டு காலம் வேதனைப்பட்டார். கால் பிழைத்தது. ஆனால் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கி மடங்கிவிட்டன. அவை மீண்டும் நேராகவே இல்லை.

கித்தாருக்கு ஆறு தந்திகள். வலது கை தந்தியை மீட்டும். இடது கை விரல்கள்தான் தந்தியை அங்கங்கே அழுத்தி இசையைப் பிறப்பிக்க வேண்டும். அந்தக் கையில் இரண்டு விரல் போனால், கித்தார் வாசிப்பவனுக்குப் பிழைப்பே போனது போலத்தான்.

அவருடைய தம்பி ஜோசப் ஒரு கித்தாரைக் கொண்டு வந்து கொடுத்தார். படுக்கையில் இருந்தபடியே ஜாங்கோ பயிற்சி செய்தார். பழைய முறை எல்லாம் பயன்படவில்லை. புதிய முறையைத் தாமே கண்டுபிடித்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்தியின் மீது மேலும் கீழும் ஓடின. மடங்கிய விரல்களையும் சில இடங்களில் அழுத்துவதற்குப் பயன்படுத்திக் கொண்டார். நான்கு விரல் உள்ளவர்களும் வாசிக்க முடியாத வேகத்தில் வாசித்தார்!

ஐந்து பேர் கோஷ்டி

1931-ம் ஆண்டு வாக்கில் ஜாங்கோ பிரான்சின் தென்கோடியில் உள்ள தூலோன் நகரில் இருந்தார். அங்கே எமில் சாவித்ரி என்ற ஓவியர் அவருக்குச் சில அமெரிக்க இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினார். அவற்றில் லூயி ஆம்ஸ்ட்ராங் வாசித்த ஜாஸ் இசையும் இருந்தது. ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. அதைக் கேட்டதும் ஜாங்கோ மெய்ம்மறந்தார். இதுதான் தன் வழி என்று முடிவு செய்தார்.

1934-ல் வயலின் வித்துவான் ஸ்டெஃபான் கிராப்பெல்லியுடன் சேர்ந்து பாரிசில் ஒரு கோஷ்டி அமைத்தார். மூன்று கித்தார், ஒரு வயலின், ஒரு பெரிய பாஸ் வாத்தியம். முரசும் இல்லை, ஊதுகுழலும் இல்லை. வெறும் தந்தி வாத்தியங்களைக் கொண்டே ஜாஸ் வாசிக்க முடியும் என்று காட்டினார்கள். ஐரோப்பா முழுவதும் அவர்கள் புகழ் பரவியது.

ஹிட்லர் காலத்தில்

1939-ல் உலகப் போர் மூண்டது. அப்போது கோஷ்டி லண்டனில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கிவிட்டார். ஜாங்கோ பாரிஸ் திரும்பினார். அடுத்த ஆண்டு ஜெர்மன் படை பாரிசைப் பிடித்தது.

ஹிட்லர் ஆட்சி யூதர்களைப் போலவே ரோமா மக்களையும் வேட்டையாடியது. லட்சக்கணக்கான ரோமா மக்கள் கொல்லப்பட்டார்கள். அந்தப் பயங்கரத்தின் நடுவில்தான் ஜாங்கோ 1940-ல் நுவாஜ் என்ற இசையை அமைத்தார். மேகங்கள் என்பது அதன் பொருள். சோகம் ததும்பும் அந்த இசை பிரான்சு மக்களின் நெஞ்சில் இடம் பிடித்தது.

1943-ல் ஜாங்கோ சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் செல்ல முயன்று பிடிபட்டார். அவரை விசாரித்த ஜெர்மன் அதிகாரி அவருடைய இசையின் ரசிகராக இருந்ததால் விடுதலை கிடைத்தது என்று சொல்வார்கள். எல்லை தாண்டும் முயற்சி பலிக்கவில்லை. பாரிசுக்கே திரும்பி வாசித்தார். உயிர் பிழைத்தார்.

கடைசி நாட்கள்

போருக்குப் பின் 1946-ல் அமெரிக்கா சென்றார். புகழ் பெற்ற டியூக் எல்லிங்டன் கோஷ்டியுடன் வாசித்தார். நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் இரண்டாம் நாள் கச்சேரிக்கு மிகத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். கடிகாரத்துக்குக் கட்டுப்படாத சுபாவம் அவருக்கு! கச்சேரியை மறந்துவிட்டு மீன் பிடிக்கப் போய்விடுவதும் உண்டு.

1951-ல் பாரிசுக்குத் தெற்கே, சேன் நதிக் கரையில் உள்ள சாமுவா என்ற சிற்றூரில் குடியேறினார். மீன் பிடித்தார். படம் வரைந்தார். 1953-ம் ஆண்டு மே 16-ந் தேதி ரெயில் நிலையத்தில் இருந்து வீட்டுக்கு நடந்து வந்தபோது மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. அன்றே உயிர் பிரிந்தது. வயது 43 தான்.

இன்னொரு வாலிபன்

ஜாங்கோ மறைந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் ஒரு விபத்து நடந்தது. டோனி அயோமி என்ற 17 வயது வாலிபன் தொழிற்சாலை எந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தான். அவனும் கித்தார் வாசிப்பவன். இனி வாசிக்கவே முடியாது என்று மனம் உடைந்து கிடந்தான்.

தொழிற்சாலை மேற்பார்வையாளர் அவனிடம் ஓர் இசைத்தட்டைக் கொண்டு வந்தார். கேட்கச் சொன்னார். அதை வாசித்தவருக்கு இரண்டே விரல்தான் வேலை செய்தது என்பதைப் பிறகு சொன்னார். அது ஜாங்கோவின் இசைத்தட்டு.

அயோமி மீண்டும் கித்தாரை எடுத்தார். பிளாக் சாபத் என்ற கோஷ்டியை நண்பர்களுடன் அமைத்து உலகப் புகழ் பெற்றார்.

ஜாங்கோவின் மகன் பாபிக்கும் கித்தார் வித்துவான் ஆனார். இன்றும் பிரான்சில் ரோமா சிறுவர்கள், பெரியவர்களின் விரல்களைப் பார்த்தும் காதால் கேட்டும் ஜாங்கோவின் இசையைப் பழகுகிறார்கள். ஜாங்கோ கற்றதும் அப்படித்தான்.