சகோதரி சுப்புலட்சுமி



யூபிலி மலருக்குப் புனிதர் ஒருவருடைய வரலாற்றை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் தேர்ந்துகொண்டவரோ திருமுழுக்குப் பெறாதவர். இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தவர். ஆயினும் ஊரார் அவரைச் சிஸ்டர் என்றே அழைத்தனர்.

சுப்புலட்சுமி 1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர், தாய் விசாலாட்சி. பூர்வீகம் தஞ்சைச் சீமை. பதினொரு வயதை ஒட்டித் திருமணம் நடந்தது. சிறிது காலத்திலேயே கணவர் இறந்துபோனார். அந்நாளில் அத்தகைய குடும்பங்களில் கைம்பெண்ணான சிறுமியின் கதியைப் பெரியவர்கள் அறிவார்கள். தலை மழிக்கப்படும், நல்ல காரியங்களில் முன்னே வரலாகாது, அடுப்படியே அவள் உலகம். சுப்புலட்சுமியின் தந்தை மகளை அந்த மூலைக்கு அனுப்பவில்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்தார். தாமும் கைம்பெண்ணான சித்தி வாலாம்பாள் துணை நின்றார். அந்தத் தகப்பனையே நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

எழும்பூரில் பிரசன்டேஷன் கன்னியர் நடத்திய பள்ளியில் அவர் பயின்றார். கடல் கடந்து வந்து பிறர் பிள்ளைகளுக்காக உழைத்த அக்கன்னியரின் வாழ்வு அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. மதத்தை மாற்றிக்கொள்ளவில்லை, அந்தப் பணி வாழ்வைத் தமதாக்கிக்கொண்டார். சிஸ்டர் என்ற பெயர் வந்தது அதனால்தான். 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே.

பட்டம் பெற்றவர் தம் நலம் பார்த்துக்கொண்டு இருந்துவிடவில்லை. இளம் கைம்பெண்கள் சிலரை எழும்பூரில் தம் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு பாடம் சொல்லித் தந்தார். 1912இல் சாரதா மகளிர் சங்கம் தோன்றியது. பெண்கள் பள்ளிகளின் கண்காணிப்பாளராயிருந்த லிஞ்ச் அம்மையார் உதவ, அரசும் கைகொடுத்தது. பின்னர் அவ்வில்லம் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு மாறியது. ஒரு காலத்தில் கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த கிடங்கு அது. வீட்டு மூலையில் கிடந்த சிறுமிகள் அங்கே தங்கிப் படித்து ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். 1922இல் தொடங்கிய லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு அவரே முதல் தலைவி. 1927இல் சாரதா வித்யாலயத்தையும் தொடங்கினார்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்த விடுதி பிராமணச் சிறுமிகளுக்கு மட்டுமே திறந்திருந்தது. காலத்தின் கட்டு என்று சிலர் சமாதானம் சொல்லலாம். எனக்கு அது உறுத்துகிறது.

குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டத்துக்காகவும் அவர் வாதாடினார். 1930இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என்று வைத்தது. இன்று அது 18. இருந்தும் பெண்ணுக்கு அந்த வயது நிறையுமுன் ஓலை வாசிக்கச் சொல்லி என் அறைக்கு வந்தவர்கள் உண்டு. அவர்களைத் திருப்பி அனுப்பியதில் சிலருக்கு இன்னும் என்மேல் வருத்தம். மலையை விட்டு இறங்கி விடுதியில் தங்கிப் படிக்க மகனை அனுப்பும் வீட்டில், மகளுக்கு மட்டும் ஏன் தயக்கம் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

அவர் 1952 முதல் 1956 வரை சட்ட மேலவையில் உறுப்பினராயிருந்தார். 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969 டிசம்பர் 20ஆம் நாள் காலமானார். ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் நிற்கிறது. சென்னைக்குப் போகும் பிள்ளைகள் மெரினாவில் அதைப் பார்க்கலாம்.