ஜான் கோல்டிங்காம்

ஜான் கோல்டிங்காம் (1767 – 1849) பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பனியின் மதராசு வானாய்வகத்தில் பணியாற்றிய வானியலாளர் ஆவார். நில அளவையாளராகவும் கட்டடக் கலைஞராகவும் விளங்கியவர். 1802ஆம் ஆண்டில் இவர் கணித்த சென்னையின் நிலநெடுங்கோடு, பின்னர் இந்தியத் தொடர்வண்டிகள் பின்பற்றிய சென்னை நேரத்துக்கு அடித்தளமாக அமைந்தது.

பணி

மதராசு வானாய்வகம், 1786இல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் நிறுவிய தனியார் ஆய்வகத்தில் இருந்து தோன்றியதாகும். கம்பனி அதனை ஏற்ற பின், மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. அவருக்கு உதவியாளராக இருந்த கோல்டிங்காம், 1796இல் டாப்பிங் இறந்ததும் பொறுப்பேற்றார். அதே ஆண்டு முதல் வானிலைப் பதிவுகளையும் மேற்கொண்டார். டாப்பிங் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியும் இவர் பொறுப்பில் வந்தது. இப்பள்ளியே பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது.

நிலநெடுங்கோட்டுக் கணிப்பு

புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே ஓரிடத்தின் நேரத்துக்கும் கிரீனிச்சு நேரத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தால் அவ்விடத்தின் நிலநெடுங்கோடு தெரிந்துவிடும். தந்தி இல்லாத அக்காலத்தில் கிரீனிச்சு நேரத்தைச் சென்னையில் அறிவதற்கு வானமே கடிகாரமாகப் பயன்பட்டது. வியாழனின் துணைக்கோள்கள் அக்கோளின் நிழலில் மறையும் நிகழ்வு எல்லா இடங்களிலும் ஒரே கணத்தில் தெரியும். அந்நிகழ்வுகளைக் கொண்டு, சென்னை நேரம் கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது எனக் கோல்டிங்காம் கண்டார். இது 80 பாகை 18 கலை 30 விகலை கிழக்கு ஆகும்.

துணைக்கோள் ஒரே நொடியில் மறைவதில்லை, படிப்படியாகவே மங்குகிறது. மறைந்த கணம் எது என்பது தொலைநோக்கியின் திறனையும் பார்ப்பவரின் கண்ணையும் பொறுத்தது. இன்றைய அளவீட்டின்படி கோல்டிங்காமின் மதிப்பு ஏறத்தாழ 15 நொடி மிகுதியாகும். நிலத்தில் இது ஆறு கிலோமீட்டருக்கும் அதிகமான பிழையாகும். இவர் இங்கிலாந்தில் இருந்த காலத்தில் பொறுப்பு வகித்த ஜான் வாரன் 80 பாகை 17 கலை 21 விகலை எனச் சற்றுக் குறைந்த மதிப்பைப் பெற்றார். இந்தியப் பெரும் முக்கோண அளவை சென்னை வானாய்வகத்தையே நிலநெடுங்கோட்டுத் தொடக்கமாகக் கொண்டிருந்தது. ஆதலால் பிற்காலத்தில் இந்திய வரைபடங்கள் அனைத்திலும் ஒரே அளவான திருத்தம் தேவைப்பட்டது. இடங்களுக்கு இடையிலான தொலைவுகளை அப்பிழை பாதிக்கவில்லை.

பிற ஆய்வுகள்

1820, 1821ஆம் ஆண்டுகளில் புனித ஜார்ஜ் கோட்டையிலும் புனித தோமையர் மலையிலும் சுடப்பட்ட பீரங்கிகளைக் கொண்டு ஒலியின் விரைவை அளந்தார். வெடியின் ஒளி தெரிந்ததற்கும் ஒலி கேட்டதற்கும் இடைப்பட்ட நேரம் காலமானியால் கணக்கிடப்பட்டது. வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் திசை ஆகியனவும் உடன் பதியப்பட்டன. இம்முடிவுகள் 1823இல் இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளியாயின.

1821இல் ஊசலைக் கொண்டு சென்னையில் புவியீர்ப்பை அளந்தார். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஈர்ப்பு குறைவதால் ஊசல் கடிகாரங்கள் மெதுவாக ஓடும். இதனை ஆராய 1822இல் சுமத்திரா அருகிலுள்ள ஒரு தீவுக்கு வானாய்வக உதவியாளர்கள் அனுப்பப்பட்டனர்.

சென்னையில் உள்ள இராஜாஜி மண்டபம் கோல்டிங்காம் வடிவமைத்து 1802இல் நிறைவுற்ற கட்டடமாகும். மாமல்லபுரச் சிற்பங்கள் குறித்தும் இவர் கட்டுரை எழுதியுள்ளார். 1830இல் ஓய்வு பெற்ற இவருக்குப் பின் டி. ஜி. டெய்லர் பொறுப்பேற்றார்.

சென்னை நேரம்

ஒவ்வோர் ஊரும் தன் நண்பகலைக் கொண்டே நேரம் கணக்கிட்டால் ஊருக்கு ஊர் நேரம் மாறும். எடுத்துக்காட்டாக, செஞ்சிக் கோட்டைப் பகுதியில் சென்னையைவிட மூன்று நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலாகப் பிந்தியே நண்பகல் ஆகிறது. தொடர்வண்டிக்கும் தந்திக்கும் இது ஒவ்வாது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாக அமைந்த சென்னை நேரம் 1870 அளவில் தொடர்வண்டிகளின் பொது நேரமாயிற்று. 1906 சனவரி 1 அன்று 82.5 பாகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது.

கணினிகளில்

லினக்சு போன்ற இயங்குதளங்களின் கருனி, ஊர் நேரத்தை வைத்திருப்பதில்லை. 1970 சனவரி 1 முதல் கடந்த நொடிகளையே அது எண்ணி வருகிறது. அவ்வெண்ணைக் குறித்த ஊரின் நேரமாக மாற்றுவதற்கு நேர வலயத் தரவுத்தளம் உதவுகிறது. அதன் இந்தியப் பதிவில், 1870 முதல் 1905 இறுதி வரையான காலத்துக்கு 5 மணி 21 நிமிடம் 10 நொடி என்ற சென்னை நேரம் குறிக்கப்பட்டுள்ளது. இது கோல்டிங்காம் கண்ட மதிப்பில் இருந்து நான்கு நொடிகளே வேறுபடுகிறது.