முதல் பட்ஜெட் போட்ட தமிழர் பதவியை விட்டது ஏன்? கறுப்புப் பண வேட்டையும் ஆர்.கே.சண்முகம் செட்டியாரும்

அமலாக்கத்துறை ரெய்டு, சொத்து முடக்கம், சட்டவிரோத பணப்பரிமாற்ற வழக்கு... இந்த வார்த்தைகள் இல்லாமல் இப்போ செய்தியே ஓடுவதில்லை. ஆனா சுதந்திரம் கிடைச்ச ஒரே வருஷத்தில், பணத்தை மறைச்சதா சந்தேகிக்கப்பட்டவர்களின் பட்டியல் ஒன்றால் நாட்டின் முதல் நிதியமைச்சரே பதவி விலகினார். அவர் ஒரு தமிழர். என்ன நடந்தது?

யார் இந்த சண்முகம் செட்டியார்?

1892 அக்டோபர் 17 அன்று கோவையில் பிறந்தவர். ஆலைத் தொழில் குடும்பம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார். கோவை நகராட்சியில் தொடங்கிய அரசியல், டெல்லி மத்திய சட்டசபையின் தலைவர் நாற்காலி வரை கொண்டுபோனது. 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவான். 1944ல் சர்வதேச நிதியம், உலக வங்கி இரண்டுக்கும் அடித்தளம் போட்ட பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் இந்தியக் குழுவில் ஒருவர்.

இவர் நீதிக்கட்சியில் இருந்தவர். 1934 தேர்தலில் காங்கிரஸிடம் தோற்றவர். அப்படியிருந்தும் 1947ல் நேரு தன் முதல் அமைச்சரவையில் நிதித்துறையை இவரிடம்தான் கொடுத்தார்.

1947 நவம்பர் 26 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். ஏழரை மாதத்துக்கான பட்ஜெட் அது. வரவு 171.15 கோடி, செலவு 197.39 கோடி. ஒரு பக்கம் பிரிவினை அகதிகள், இன்னொரு பக்கம் உணவுப் பஞ்சம். ஒவ்வொரு ரூபாயும் அரசுக்குத் தேவைப்பட்ட நேரம்.

அது என்ன பட்டியல்?

இரண்டாம் உலகப் போர் காலத்தில் துணிக்கும் தானியத்துக்கும் கடும் தட்டுப்பாடு. கள்ளச்சந்தையில் பலர் கொழித்தார்கள். அந்த லாபம் வரிக் கணக்கில் வரவே இல்லை. இதைத் தோண்டி எடுக்க, சுதந்திரத்துக்கு முன்பு 1947லேயே ஒரு சட்டம் வந்தது. நீதிபதி வரதாச்சாரியார் தலைமையில் வருமான வரி விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டது.

ஆனா இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். யாரை விசாரிக்கணும் என்று ஆணையத்துக்குப் பெயர் அனுப்புவது அரசாங்கம். அதாவது நிதியமைச்சகம்.

அங்கேதான் சிக்கல் வந்தது. அனுப்பிய பட்டியலில் இருந்து சில தொழிலதிபர்களின் பெயர்கள் நீக்கப்பட்டது 1948ல் வெளியே தெரிந்து, பெரிய சர்ச்சையானது. சண்முகம் செட்டியார் பணம் வாங்கினார் என்று வழக்கு எதுவும் இல்லை. ஆனா பட்டியல் அவருடைய அமைச்சகத்துடையது. 1948 ஆகஸ்டில் பதவி விலகினார். பிறகு ஜான் மத்தாய் நிதியமைச்சர் ஆனார்.

கறுப்புப் பணமும் பணப்பரிமாற்ற வழக்கும் ஒண்ணா?

இல்லை. புரியுற மாதிரி ஒரு கற்பனை உதாரணம். விருதுநகர் மாவட்டம் கிருஷ்ணன்கோவிலில் ரோட்டோரமா ஒரு இடம். பேசின விலை 40 லட்சம். பத்திரத்தில் போட்டது 15 லட்சம். மீதி 25 லட்சம் ரொக்கமா கைமாறுது. வரிக்குக் காட்டாத அந்த 25 லட்சம்தான் கறுப்புப் பணம்.

இப்போ வேற ஒருத்தர். லஞ்சத்தில் வந்த பணம் அவர் கையில் இருக்கு. ராஜபாளையத்தில் நூல் வியாபாரம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடை என்று பெயருக்குத் தொடங்குகிறார். நடக்காத வியாபாரத்தில் லாபம் வந்த மாதிரி கணக்கு எழுதி, பணத்தை பேங்கில் போடுகிறார். குற்றத்தில் வந்த பணம் வியாபார வருமானமா வேஷம் போட்டாச்சு. இதுதான் சட்டவிரோத பணப்பரிமாற்றம். பின்னால் ஒரு குற்றம் இருந்தால்தான் இந்த வழக்கே நிற்கும்.

அந்த ஆணையம் என்ன ஆனது?

பதவி போன பிறகு செட்டியாரின் கவனம் தமிழிசை, தமிழ் இலக்கியம் பக்கம் அதிகமானது. சிலப்பதிகாரத்துக்கு உரையும் எழுதினார். 1953 மே 5 அன்று காலமானார்.

அவர் மறைந்த பிறகுதான் கதையின் இரண்டாம் பாகம். 1954லும் 1955லும் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று சொன்னது. காரணம், அரசியலமைப்பின் 14வது பிரிவு தரும் சமத்துவம். ஒரே மாதிரி வரி ஏய்த்த இருவரில், ஒருவரைக் கடுமையான ஆணையத்துக்கும் இன்னொருவரை சாதாரண வருமான வரி விசாரணைக்கும் அனுப்ப முடியும் என்றால் அது பாரபட்சம்தானே? பட்டியல் யார் கையில் என்ற கேள்வி முதலில் அமைச்சரைச் சாய்த்தது. ஆட்களை இஷ்டம்போல் தேர்ந்தெடுக்க முடியும் என்ற ஓட்டை அடுத்து சட்டத்தையே சாய்த்தது.

இப்போ நிலைமை என்ன?

1989ல் பணக்கார நாடுகள் சேர்ந்து எஃப்.ஏ.டி.எஃப் என்ற கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கின. இந்தியா அதில் உறுப்பினரானது 2010ல். அதற்கு முன்பே, 2002ல் நிறைவேறிய பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2005 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்திருந்தது.

பெரிய மாற்றம் இதுதான். 10 லட்சத்துக்கு மேல் ரொக்கப் பரிவர்த்தனை நடந்தால், அது யாராக இருந்தாலும், பேங்க் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவித்தாகணும். சந்தேகமா இருந்தால் தொகை சின்னதா இருந்தாலும் தெரிவிக்கணும். அந்த இடத்தில் பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ அமைச்சருக்கு வேலை இல்லை.

ஆனா அப்படி வந்து குவியும் தகவல்களில் எதை விசாரிப்பது, யார் வீட்டுக்கு ரெய்டு போவது என்பதை இன்றைக்கும் அதிகாரிகள்தான் முடிவு செய்கிறார்கள். அமலாக்கத்துறை இருப்பதும் அதே நிதியமைச்சகத்தின் கீழ்தான். அதனால்தான் ஒவ்வொரு ரெய்டுக்குப் பிறகும், ஏன் இவர் மட்டும், ஏன் அவர் இல்லை என்ற வாதம் கிளம்புது. 1948ல் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்விக்கு இன்னும் முழு பதில் கிடைக்கவில்லை.