குலியெல்மோ மார்க்கோனி

குலியெல்மோ மார்க்கோனி (ஏப்ரல் 25, 1874 – ஜூலை 20, 1937) இத்தாலியைச் சேர்ந்த மின்பொறியியலாளரும் தொழில் முனைவோரும் ஆவார். கம்பியில்லாத் தந்தியை நடைமுறைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் என அறியப்படுகிறார். 1909 ஆம் ஆண்டின் இயற்பியலுக்கான நோபல் பரிசை செருமானிய இயற்பியலாளர் கார்ல் பெர்டினண்ட் பிரவுனுடன் பகிர்ந்துகொண்டார். இவர் பெயரைக் கேட்டவுடன் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த 1901 ஆம் ஆண்டுச் சோதனையே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆயினும் கடலில் செல்லும் ஒரு கலத்தில் எத்தகைய வான்கம்பியை (ஆன்டெனாவை) பொருத்தினால் நெடுந்தொலைவுக்குச் செய்தி அனுப்பலாம் என்ற கேள்வியே இவரது வாழ்நாள் முழுவதும் உடன்வந்தது எனலாம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதற்கு ஒரு விடையை நம்பியிருந்த மார்க்கோனி, 1923 இல் தம் சொந்தக் கப்பலில் செய்த சோதனைகளால் அவ்விடையைத் தாமே மாற்றிக்கொண்டார்.

இளமை

மார்க்கோனி இத்தாலியின் பொலோஞா நகரில் பிறந்தார். தந்தை யூசெப்பே மார்க்கோனி நிலக்கிழார். தாய் அன்னி ஜேம்சன் அயர்லாந்தின் புகழ்பெற்ற விஸ்கி வடிப்பாலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தாயின் உறவினர்கள் மூலம் கிடைத்த ஆங்கிலத் தொடர்புகள் பின்னாளில் இவருக்குப் பேருதவியாக அமைந்தன. மார்க்கோனி பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறவில்லை. பொலோஞா பல்கலைக்கழகப் பேராசிரியர் அகஸ்டோ ரிகியின் வழியாக, ஹென்ரிக் ஹெர்ட்ஸ் கண்டறிந்த மின்காந்த அலைகளைப் பற்றி அறிந்துகொண்டார்.

1895 இல் போன்டெக்கியோவிலுள்ள குடும்ப வீடான வில்லா கிரிஃபோனேயில் செய்த சோதனைகளின்போதே அவரது முதன்மையான பங்களிப்பு நிகழ்ந்துவிட்டது. அலைபரப்பியின் ஒரு முனையை உயரத்தில் தொங்கும் கம்பியோடும் மறுமுனையை நிலத்தோடும் இணைத்தபோது, சில நூறு மீட்டர்களில் நின்றிருந்த தொலைவு ஏறத்தாழ 2.4 கி.மீ. ஆக நீண்டது. இடையில் ஒரு குன்று இருந்தும் குறிப்பலை மறுபுறம் சென்றடைந்தது. இதில் பயன்பட்ட உறுப்புகள் பெரும்பாலும் பிறர் உருவாக்கியவை. உயர்த்திய கம்பியையும் நில இணைப்பையும் ஒருங்கே பயன்படுத்தி நெடுந்தொலைவுச் செய்தித் தொடர்பாக வளர்த்தெடுத்ததே மார்க்கோனியின் தனிச்சிறப்பு.

கப்பல்களை நோக்கி

1896 இல் இங்கிலாந்து சென்ற மார்க்கோனி, அவ்வாண்டு ஜூன் 2 ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அஞ்சல் துறையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் இவரை ஆதரித்தார். 1897 மே மாதத்தில் பிரிஸ்டல் கால்வாயிலுள்ள ஃபிளாட் ஹோம் தீவுக்கும் கரைக்கும் இடையே செய்தி அனுப்பப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் இவரது நிறுவனம் தொடங்கப்பட்டது. அதே மாதத்தில் இத்தாலியின் லா ஸ்பெசியா துறைமுகத்தில் சான் மார்ட்டினோ என்ற போர்க்கப்பலுக்கு ஏறத்தாழ 18 கி.மீ. வரை செய்தி எட்டியது.

நிலத்தில் தந்திக் கம்பிகள் ஏற்கனவே பரவியிருந்தன. கம்பியை இழுத்துச் செல்ல முடியாத இடம் கடல். எனவே புதிய முறைக்கு உண்மையான வாடிக்கையாளர்கள் கப்பல்களே என்பதை மார்க்கோனி விரைவில் உணர்ந்தார். 1898 ஜூலையில் அயர்லாந்தின் கிங்ஸ்டவுன் படகுப் போட்டியின் முடிவுகளை ஓர் இழுவைப் படகிலிருந்து டப்ளின் நாளிதழ் ஒன்றுக்கு அனுப்பினார். அடுத்த மாதம், முழங்காலில் அடிபட்டு அரச உல்லாசக் கப்பலில் தங்கியிருந்த வேல்ஸ் இளவரசரின் நலத்தைக் கரையிலிருந்த விக்டோரியா அரசிக்குத் தெரிவிக்க, பதினாறு நாட்களில் ஏறத்தாழ 150 செய்திகள் பரிமாறப்பட்டன. 1898 டிசம்பரில் ஈஸ்ட் குட்வின் விளக்குக் கப்பலில் கருவி பொருத்தப்பட்டது. 1899 ஏப்ரல் 28 அன்று நீராவிக் கப்பலொன்று இவ்விளக்குக் கப்பலின் மீது மோதியபோது, கம்பியில்லாத் தந்தி மூலமே கரையிலிருந்து உதவி கோரப்பட்டது.

உயரம் என்னும் சிக்கல்

தம் தொடக்கச் சோதனைகளிலிருந்து மார்க்கோனி ஒரு விதியை வகுத்திருந்தார். செய்தி எட்டும் தொலைவு வான்கம்பியின் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமைகிறது என்பதே அது. உயரத்தை இரண்டு மடங்காக்கினால் தொலைவு நான்கு மடங்காகும். நிலத்தில் இதைப் பின்பற்றுவது செலவு மிக்கதாயினும் இயலக்கூடியது. கப்பலில் அவ்வாறன்று. பாய்மரத்தை விருப்பம்போல் உயர்த்த முடியாது. உயர்த்தினால் காற்றும் கப்பலின் ஆட்டமும் அதை முறித்துவிடும்.

இதற்கு அக்காலப் பொறியாளர்கள் கண்ட வழி, உயரத்தில் கிடைக்காததைக் கிடைத்தளத்தில் பெறுவதாகும். முன்பாய்மரத்துக்கும் பின்பாய்மரத்துக்கும் இடையே கம்பிகளைக் கிடையாக இழுத்துக் கட்டி, நடுவிலிருந்தோ ஒரு முனையிலிருந்தோ ஒரு கம்பியைக் கருவி அறைக்கு இறக்கினர். நடுவிலிருந்து இறக்கினால் ஆங்கில 'டி' எழுத்தின் வடிவமும், முனையிலிருந்து இறக்கினால் தலைகீழான 'எல்' எழுத்தின் வடிவமும் கிடைக்கும். கம்பி பாய்மரத்தையோ புகைபோக்கியையோ அதன் இழுகயிறுகளையோ தொடாதிருக்க முனைகளில் காப்பான்கள் இடப்பட்டன. உப்புநீர்த் துளிகளும் கரியும் படிந்தால் காப்பானின் மேற்பரப்பு வழியே மின்சாரம் கசிந்துவிடும் என்பதால் அவற்றை அடிக்கடி துடைக்க வேண்டியிருந்தது. நில இணைப்பில் மட்டும் கப்பலுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. இரும்பு உடலும் அதைச் சூழ்ந்த உப்புநீரும் சேர்ந்து, எந்த நிலப்பரப்பையும் விடச் சிறந்த இணைப்பைத் தந்தன. மர உடல் கொண்ட படகுகளில் நீர்மட்டத்துக்குக் கீழே செப்புத் தகடு அறைந்து இதே பயனைப் பெற்றனர்.

அட்லாண்டிக் கடப்பும் பிலடெல்பியா பயணமும்

1901 இல் இங்கிலாந்தின் போல்துவில் ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுள்ள இருபது கம்பங்கள் வட்டமாக நிறுத்தப்பட்டன. செப்டம்பரில் புயலில் அவை வீழ்ந்தன. அவசரமாக அமைத்த எளிய வான்கம்பியைக் கொண்டே டிசம்பர் 12 அன்று மோர்சு குறிமுறையின் எஸ் எழுத்து அனுப்பப்பட்டது. நியூபவுண்ட்லாந்தின் சிக்னல் குன்றில், பட்டம் ஒன்று தூக்கிப் பிடித்த ஏறத்தாழ 150 மீட்டர் நீளக் கம்பியின் மூலம் அதைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். தொலைவு சுமார் 3,500 கி.மீ. காதால் கேட்டதைத் தவிர வேறு பதிவு இல்லை. எனவே அன்றே ஐயங்கள் எழுந்தன. இன்றும் அவை முற்றிலும் தீரவில்லை.

இந்த ஐயங்களுக்கு விடையளிக்க, 1902 பிப்ரவரியில் பிலடெல்பியா என்ற பயணிகள் கப்பலில் மார்க்கோனி மேற்கு நோக்கிச் சென்றார். இம்முறை குறிகள் காகித நாடாவில் பதிவாயின. கப்பல் தலைவர் அவற்றில் சான்றொப்பமிட்டார். முழுச் செய்திகள் ஏறத்தாழ 2,500 கி.மீ. வரையும், எஸ் எழுத்து மட்டும் ஏறத்தாழ 3,380 கி.மீ. வரையும் கிடைத்தன. ஆனால் இவை இரவில் கிடைத்தவை. பகலில் ஏறத்தாழ 1,100 கி.மீ. தாண்டியதும் குறிகள் மறைந்தன. அறிவியல் நோக்கில் பார்த்தால், சிக்னல் குன்றில் கேட்ட மூன்று புள்ளிகளைவிடக் கப்பலில் பதிவான இந்தப் பகலிரவு வேறுபாடே பெரிய கண்டுபிடிப்பு. அதே 1902 இல் கென்னலியும் ஹெவிசைடும், வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்சாரம் கடத்தும் அடுக்கு ஒன்று இருக்கக்கூடும் என்று தனித்தனியே முன்மொழிந்தனர்.

மார்க்கோனியோ இதிலிருந்து வேறொரு முடிவுக்கு வந்தார். பகலிலும் தொடர்பு வேண்டுமெனில் அலைநீளத்தைக் கூட்ட வேண்டும், அதற்கேற்ப வான்கம்பியையும் ஆற்றலையும் பெருக்க வேண்டும் என்பதே அது. அவர் கையிலிருந்த சான்றுகளும் அப்படியே காட்டின என்பதை மறுப்பதற்கில்லை. நிறுவனத்தின் பெரிய நிலையங்கள் ஆயிரக்கணக்கான மீட்டர் அலைநீளத்துக்குச் சென்றன. வேல்சிலுள்ள கார்னார்வன் நிலையத்தின் கம்பங்கள் ஏறத்தாழ 120 மீட்டர் உயரமும், கம்பித் தொகுதி ஒரு கி.மீ. நீளமும் கொண்டவை. இப்பாதையில் கப்பலுக்கு இடமே இல்லை. கப்பல்கள் 300, 600 மீட்டர் அலைகளில், பகலில் சில நூறு கி.மீ. என்ற எல்லைக்குள் நின்றுவிட்டன.

புகழும் சர்ச்சைகளும்

அந்த எல்லைக்குள்ளும் பயன் பெரிதாகவே இருந்தது. 1909 ஜனவரியில் ரிபப்ளிக் கப்பல் மோதலுக்குள்ளானபோதும், 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோதும் மார்க்கோனி நிறுவன இயக்குநர்கள் அனுப்பிய அழைப்பே மீட்புக் கப்பல்களை வரவழைத்தது. டைட்டானிக்கில் சுமார் 700 பேர் உயிர் பிழைத்தனர்.

இதன் மறுபக்கமும் பதிவு செய்யத்தக்கது. போட்டி நிறுவனங்களின் கருவி கொண்ட கப்பல்களுடன் தொடர்பு கொள்ளக் கூடாது என்பது நிறுவனத்தின் கொள்கையாக இருந்தது. உயிர் காக்கும் கருவியில் இத்தகைய தனியுரிமை கூடாது என்ற எதிர்ப்பு வலுத்ததன் விளைவாகவே 1903, 1906 ஆம் ஆண்டுகளில் பெர்லினில் பன்னாட்டு மாநாடுகள் கூடின. காப்புரிமை வழக்குகளும் நெடுங்காலம் நீடித்தன. 1901 சோதனையில் பயன்பட்ட பாதரச உணரியைப் போன்றதொரு கருவியை ஜகதீஷ் சந்திர போஸ் 1899 இலேயே விவரித்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. மார்க்கோனி 1923 இல் பாசிசக் கட்சியில் சேர்ந்தார். 1930 இல் முசோலினி இவரை இத்தாலிய அரச கழகத்தின் தலைவராக்கினார். இவரது வாழ்க்கையின் இப்பகுதி இன்றும் விமர்சிக்கப்படுகிறது.

எலெட்ரா

1904 இல் ஸ்காட்லாந்தின் லீத் துறையில் ஆஸ்திரிய இளவரசி ஒருவருக்காகக் கட்டப்பட்ட ரோவென்ஸ்கா என்ற நீராவி உல்லாசக் கப்பலை மார்க்கோனி 1919 இல் வாங்கினார். நீளம் ஏறத்தாழ 67 மீட்டர். எலெட்ரா எனப் பெயர் மாற்றப்பட்ட இக்கப்பல் அவரது வீடாகவும் ஆய்வுக்கூடமாகவும் ஆயிற்று. ஓரிடத்தில் நிலைத்த ஆய்வுக்கூடத்தில் செய்ய முடியாத ஒன்றை இதில் செய்ய முடிந்தது: பரப்பியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, ஏற்பியை நாள்தோறும் தொலைவாக நகர்த்திச் சென்று அளப்பது.

1916 முதல் மார்க்கோனி தம் உதவியாளர் சார்லஸ் பிராங்க்ளினுடன் மீண்டும் குறுகிய அலைகளுக்குத் திரும்பியிருந்தார். ஒளியைப்போல் ஒரே திசையில் குவித்து அனுப்பினால் போர்க்காலத்தில் எதிரி ஒட்டுக்கேட்பது கடினமாகும் என்பதே அன்றைய நோக்கம். 1922 இல் நியூயார்க்கில் ஆற்றிய உரையில் குறுகிய அலைகள் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டதை எடுத்துரைத்தார். இதற்கு முன்பே, பயனற்றவை எனக் கருதி 200 மீட்டருக்குக் குறைந்த அலைகள் விடப்பட்டிருந்த தன்னார்வ வானொலியர்கள், 1921 டிசம்பரில் அட்லாண்டிக்குக்கு அப்பால் குறிகளை எட்டவைத்திருந்தனர். அவர்களுக்குரிய பங்கை மறக்கலாகாது.

1923 இல் போல்துவிலிருந்து 97 மீட்டர் அலையில் குறிகள் அனுப்பப்பட, எலெட்ரா தெற்கே கேப் வெர்டே தீவுகளை நோக்கிச் சென்றது. பகலில் ஏறத்தாழ 2,300 கி.மீ. வரை குறிகள் கிடைத்தன. இரவில் 4,000 கி.மீ.க்கு அப்பாலும் அவை வலுவாக இருந்தன. பரப்பியின் ஆற்றலை ஒரு கிலோவாட்டாகக் குறைத்தும் இரவுத் தொடர்பு அறுபடவில்லை. 1924 இல் 32 மீட்டர் அலையைப் பயன்படுத்தியபோது, பெய்ரூட்டில் நின்ற எலெட்ராவில் பகல் முழுவதும் குறிகள் கேட்டன. பகலுக்கு நீண்ட அலையே தேவை என்ற அவரது பழைய முடிவு இதனால் தலைகீழாயிற்று. இவ்வலைகள் வானில் அயனி மண்டலத்தில் திரும்பி மீண்டும் நிலத்தை அடைகின்றன. உயரம் போதாமை இங்கு தடையாக இல்லை.

கப்பலுக்கு இதன் பொருளை எளிய கணக்கால் அறியலாம். நிலத்தோடு இணைந்த செங்குத்துக் கம்பி, அலைநீளத்தின் கால் பங்கு இருந்தால் இயல்பாக ஒத்திசையும். 600 மீட்டர் அலைக்கு 150 மீட்டர் கம்பி வேண்டும். எந்தப் பாய்மரமும் அதற்குப் போதாது. 97 மீட்டர் அலைக்கு ஏறத்தாழ 24 மீட்டர், 32 மீட்டர் அலைக்கு வெறும் 8 மீட்டர் போதும். ஒரு மீன்பிடிப் படகின் கம்பமே இதற்கு இடம் தரும். இன்று நெடும்பயணம் செல்லும் பாய்மரப் படகுகளில், பாய்மர உச்சியைப் படகின் பின்முனையோடு இழுத்துப் பிடிக்கும் உருக்கு வடத்தின் இரு முனைகளிலும் காப்பான் இட்டு, அதையே சிற்றலை வான்கம்பியாக்குவது வழக்கம். வடத்தின் நீளம் எல்லா அலைகளுக்கும் பொருந்தாது. எனவே அதன் அடியில் ஒத்திசைப்பி ஒன்று வைக்கப்படுகிறது. செப்புப் பட்டையால் கடல்நீரோடு இணைப்பது மார்க்கோனி காலத்து முறையே.

1924 ஜூலையில் பிரித்தானிய அரசு, பெருநிலையத் திட்டத்தைக் கைவிட்டுச் சிற்றலைக் கற்றை முறைக்கு ஒப்பந்தம் செய்தது. கனடாவுக்கு 1926 இலும், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகியவற்றுக்கு 1927 இலும் சேவை தொடங்கியது. இந்தியாவுக்கான நிலையங்கள் புனே அருகே கிர்க்கியிலும் தவுண்டிலும் அமைந்தன.

இறுதிக் காலம்

1905 இல் பியாட்ரிஸ் ஓபிரையனை மணந்த மார்க்கோனி, அம்மணம் முறிந்தபின் 1927 இல் மரியா கிறிஸ்டினா பெட்சி-ஸ்காலியை மணந்தார். 1930 இல் பிறந்த மகளுக்குக் கப்பலின் பெயரையே சூட்டினார். அவ்வாண்டு மார்ச் 26 அன்று ஜெனோவாவில் நின்ற எலெட்ராவிலிருந்து அனுப்பிய குறியால் சிட்னி நகரில் ஆயிரக்கணக்கான மின்விளக்குகள் ஏற்றப்பட்டன. 1934 இல், சாளரங்கள் மூடப்பட்ட நிலையில் எலெட்ரா வானொலிக் கற்றையை மட்டும் நம்பி இரு மிதவைகளுக்கு நடுவே செலுத்தப்பட்டது.

மார்க்கோனி 1937 ஜூலை 20 அன்று உரோமில் இதய நோயால் இறந்தார். அன்று அவர் மகள் எலெட்ராவின் ஏழாம் பிறந்தநாள். பிரித்தானிய வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் ஒலிபரப்பை நிறுத்தின. எலெட்ரா கப்பலை 1943 இல் செருமானியப் படையினர் கைப்பற்றினர். 1944 ஜனவரியில் சாதர் நகருக்கருகே வான்தாக்குதலில் அது சேதமடைந்தது. யூகோசுலாவியா 1962 இல் திருப்பியளித்த உடைந்த உடல் 1977 இல் துண்டுகளாக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி வில்லா கிரிஃபோனேயில், மார்க்கோனியின் கல்லறை அமைந்துள்ள இடத்திலேயே வைக்கப்பட்டுள்ளது.