அருளானந்த சுவாமிகள் சரிதம்

நம் குலத்தாருள் ஒரு வயிற்றிற் பிறந்தாரே சிலர் நாமமும் திருநீறும் தரிக்க, சிலர் சிலுவை அணிந்து நிற்றல் செஞ்சிச் சீமையிற் புதுமையன்று. ஆயினும் மணவீட்டிலும் பிணவீட்டிலும் ஒருவரையொருவர் அயலாரென ஒதுக்கும் வழக்கம் சில குடும்பங்களில் உளது. அக்குறையை நினைந்தே, கிறிஸ்து மதத்தின் கொள்கை இன்னதென்பதையும், அதன்பொருட்டுத் தமிழ்நாட்டில் உயிர் துறந்த அருளானந்த சுவாமிகளின் வரலாற்றையும் ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

சிங்கவரத்துக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டருளும் இந்நாட்டை முன்னாளில் ஆண்ட செஞ்சி நாயக்கர் வைணவர். அவருள் ஒருவராகிய கிருஷ்ணப்ப நாயக்கர், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம்மைக் காணவந்த சேசு சபைக் குரு பிமெண்டா என்பவரை அன்புடன் வரவேற்றனர். தம் தெய்வத்தைக் கைவிடாமலே பிறர் தெய்வத்தை மதித்த அப்பெருந்தன்மை நாம் கருதத்தக்கது.

அருளானந்தர் 1647ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 1ஆம் நாள் போர்த்துக்கல் தேசத்து லிஸ்பன் நகரில் பிறந்தார். இயற்பெயர் ஜான் தெ பிரிட்டோ. இளமையில் அரண்மனையில் வளர்ந்து அரசகுமாரருக்குத் தோழராயிருந்தும், செல்வத்தை விழையாது 1662இல் சேசு சபையிற் புகுந்தார். 1673இல் கப்பலேறிக் கோவா அடைந்து, மறு ஆண்டு மதுரை மிஷனைச் சார்ந்தார். அம்மிஷன் 1606இல் தத்துவபோதகரென்னும் நொபிலி சுவாமிகளால் தொடங்கப்பெற்றது.

இங்கு வந்தபின் இவர் பண்டாரசுவாமிகளின் கோலம் பூண்டு, காவியுடுத்து, புலால் நீத்து, தமிழ் பயின்று, கால்நடையாகவே ஊரூராய்ச் சென்றார். செஞ்சி, தஞ்சை நாடுகளிலும் இவர் தொண்டு நிகழ்ந்தது. 1677இல் சிவாஜி மகாராஜா செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினார். அத்தகைய போர்க்காலத்திலும் இவர் தம் பணியை விடவில்லை.

இவர் போதித்தது யாதெனின்: கடவுள் ஒருவரே, அவர் பிதா, சுதன், பரிசுத்த ஆவியென மூவாட்களாய் விளங்குபவர், சுதனாகிய இயேசு மானிடராய் அவதரித்து, மக்கள் பாவத்தின்பொருட்டுச் சிலுவையில் மரித்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது. ஞானஸ்நானம் பெற்றுத் திருச்சபையிற் சேர்தல், பாவசங்கீர்த்தனம் செய்தல், திவ்விய பூசை காண்டல், பகைவரையும் நேசித்தல் ஆகியன அச்சபையாரின் கடமைகள். ஒருவனுக்கு ஒருத்தியே மனைவி என்பதும் அவர்தம் சட்டம். இக்கடைசிச் சட்டமே சுவாமிகளின் உயிருக்கு உலையாயிற்று.

1686இல் மறவர் சீமையிற் போதித்தமைக்காக இவர் சிறைப்பட்டுக் கொடிய வதைகளை அனுபவித்து விடுதலையானார். பின்னர்ச் சபைப்பணியாக ஐரோப்பா சென்றார். அங்கேயே தங்குமாறு போர்த்துக்கல் அரசர் விரும்பியும் இசையாது, 1690இல் மீண்டும் இந்தியாவுக்குத் திரும்பினார். மறவர் அரசகுலத்துத் தடியத்தேவர் என்பார் நோயுற்று, உபதேசியார் ஒருவரது வேண்டுதலால் குணமடைந்ததாக நம்பி, ஞானஸ்நானம் வேண்டினார். அதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்து ஏனையோரை விலக்கினார். விலக்குண்டவருள் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவினள். அவள் முறையீட்டால் சேதுபதி வெகுண்டனர். சுவாமிகள் பிடிபட்டு, 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் சிரச்சேதம் செய்யப்பெற்றார். அப்போது அவருக்கு 46 வயதும் நிரம்பவில்லை. 1947ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தார்.

விலக்குண்ட மகளிரின் துயரையும் நாம் மறத்தல் அறமாகாது. சாதி வேற்றுமை அம்மதத்தாரிடையிலும் ஒழிந்திலது என்பதும் மெய்யே. ஆயினும், தாம் மெய்யென்று கொண்டதற்காகச் சுகபோகமும் தாய்நாடும் உயிரும் துறந்தாரை, எம்மதத்தினராயினும் இகழ ஒண்ணாது.

சிங்கவரத்து அரங்கநாதரைப் போற்றிய தேசிங்குராஜனுக்கு உயிர்த்தோழன் இஸ்லாமியனாகிய மகமத்கான் என்று நம் பாட்டிமார் கதை சொல்லக் கேட்டிருக்கின்றோம். அயல் மதத்து நண்பனை உயிரெனக் கொண்டவனைப் புகழ்ந்து பாடும் நாம், உடன்பிறந்தாரை மதத்தின்பொருட்டு ஒதுக்குதல் தகுமோ? இனி வரும் மணப்பத்திரிகைகளில் அவ்வுறவினர் பெயரும் விடுபடாதிருக்குமாறு நம் சங்கத்துக் குடும்பங்களை வேண்டிக்கொள்கின்றோம்.