டாக்டர் சுப்பாராவ்

நெய்வேலியில் 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டுவித்தபோது கரியதொரு பொருள் வெளிப்பட்டது. அதனால் பழுப்பு நிலக்கரி உண்டென அறிந்தனர். பின்னர் நகரமும் எழுந்தது. மண் ஈந்த பிறிதொரு செல்வமும் உண்டு. நுரையீரல் சுரமாகிய நியுமோனியாவால் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவை அடைவோரைக் காக்கும் மருந்தினமே அது. அதனை உலகிற்கு அளித்தோருள் தலைநின்றவர் சென்னையில் வைத்தியம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். அன்னாரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கமாக வரைவோம்.

இவர் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். இளமையில் வறுமை வாட்டியது. மெட்ரிகுலேஷன் பரீட்சையிலும் இருமுறை தவறினார். பின்னர் சென்னை வைத்தியக் கலாசாலையில் சேர்ந்தார். கதராடை பூண்டமையால் ஆசிரியர் ஒருவரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே பெற்றார். சங்கிரகணியை ஒத்த வயிற்று நோய் இவர்தம் சகோதரரின் உயிரைக் கவர்ந்தது. அந்நோய் இவரையும் வருத்தியது.

1920-களில் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் ஆராயப் புகுந்தார். இரவில் ஆஸ்பத்திரியில் ஏவல் வேலை செய்து பொருள் ஈட்டினார். 1940-ல் லெடர்லி மருந்துச்சாலையை அடைந்தார். தம் குடும்பத்தை வாட்டிய அந்நோய்க்கு மருந்தாகும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாய் ஆக்கும் முறையை அவர் குழுவினர் 1945-ல் கண்டனர்.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் சிறப்பாகக் கருதற்பாலது. பெனிசிலின் கிருமியின் புறச்சுவரைத் தாக்குவது. சுவரில்லாத மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமியால் வரும் நியுமோனியாவில் அது பயன்படாது. சுப்பாராவின் தலைமையில் பணியாற்றிய முதிய தாவர நூல் வல்லுநர் டக்கர், மிசௌரிப் பல்கலைக்கழக வயல் மண்ணில் வாழ்ந்த பொன்னிற நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் என்னும் மருந்தைப் பெற்றார். அது கிருமி தன் புரதத்தை ஆக்கவொட்டாது தடுப்பது; ஆதலின் சுவரில்லாக் கிருமியையும் அடக்கிற்று. 1948-ல் அம்மருந்து வெளியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் தமது 53-ம் வயதில் உயிர் நீத்தார்.

ஆரியோமைசினின் இனத்தைச் சேர்ந்த டாக்சிசைக்கிளின் இன்றும் நியுமோனியாவுக்கு அளிக்கப்படுகிறது. ஆயினும் வைரஸால் வரும் நியுமோனியாவை இம்மருந்துகள் தீர்க்கமாட்டா. வேண்டாதவிடத்து வழங்கினால் கிருமிகள் மருந்தை வெல்லப் பழகும். பின்னர் வேண்டியவிடத்து அது கைகொடாது. தாழ்த்தினாலோ நோயாளி மடியவும் கூடும். எனவே அவசரப் பிரிவின் வைத்தியர், நாழிகை கடத்தாமலும், மூச்சு, இரத்தம், எக்ஸ்ரே ஆகியவற்றை ஆராயாது விடாமலும், தக்க மருந்தைத் தக்க அளவில் அளித்தல் வேண்டும். நாமும் சாதாரணச் சளிக்கு இம்மருந்தைக் கேட்டு அவரை நெருக்குதல் தகாது.

சுப்பாராவ் தமக்கு அருளப்பட்ட தாலந்தை மண்ணில் புதைக்கவில்லை. மண்ணில் புதைந்ததையும் தோண்டி நமக்கு ஈந்தார். அதை வீணாக்காது காப்பதே நாம் அவர்க்குச் செய்யும் கைம்மாறு.